பூக் கேட்ட நாளில் ஒரு காந்தத் துண்டு

என் ஆயுளில் தெய்வத்தை ஏமாற்றத் துணிந்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வலது உள்ளங்கையில் ஒரு காந்தத் துண்டு இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதைச் சொல்வதற்குக் காரணம், அன்று ஏமாற்றியவர்களில் நான்தான் ரொம்பச் சின்ன ஆள் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

காந்தம் எங்கள் வீட்டுக்கு வந்தது மாமாவால். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் பஸ் ரிப்பேர் பார்க்கும் பட்டறையில் வேலை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அவர் வரும்போதெல்லாம் சட்டையில் எண்ணெய்க் கறையும் பையில் ஏதாவது ஒரு பழைய இரும்பும் இருக்கும். அந்த முறை ஒரு பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோவைக் கொண்டு வந்திருந்தார். லாடம் போல வளைந்த இரண்டு காந்தங்கள், அவற்றுக்கு நடுவே கம்பி சுற்றிய ஓர் உருளை, அதைச் சுழற்ற ஒரு தண்டு. பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை.

மாமா வாசலில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். அம்மா, அத்தை, பண்ணையத்து ஆட்கள் இரண்டு பேர், நான். எல்லோரும் கை கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடியில் நிற்பவர் ஒரு கம்பியையும் மறு கோடியில் நிற்பவர் இன்னொரு கம்பியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்டு சும்மா இருக்கும்வரை ஒன்றுமில்லை. மாமா அதை விசுக்கென்று ஒரு சுற்றுச் சுற்றியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினோம். பண்ணையத்து ஆள் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மாமா விளக்கம் சொன்னார். காந்தத்துக்கு நடுவில் கம்பிச் சுருள் ஓடிக்கொண்டிருந்தால்தான் கம்பியில் மின்சாரம் பிறக்குமாம். இரண்டும் அசையாமல் இருந்தால் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அது வெறும் இரும்பு, வெறும் செம்பு.

அப்பா இதிலெல்லாம் சேரவில்லை. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் தீவனத்துக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். அப்பா பேசுவது மிகக் குறைவு. ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளில் பாதி மாடுகளிடம்தான் என்று அம்மா சொல்வாள். மாமாவின் வித்தைகளை அவர் மதிப்பதே இல்லை என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

மாக்னெட்டோவைப் பிரித்துத் துடைக்கும்போது ஒரு லாடக் காந்தம் கல்லில் விழுந்து உடைந்தது. அதில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு எனக்குக் கிடைத்தது. உடைந்தால் வீணாகிவிடும் என்று நினைத்தேன். அப்படியில்லை, எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டும் முழுக் காந்தம்தான் என்றார் மாமா. மறுநாள் அவர் பஸ்ஸேறிப் போய்விட்டார். நானும் அத்தையும் அந்தத் துண்டோடு ஊரையே சோதித்தோம். ஓடை மணலில் அதைப் புரட்டினால் கருமணல் மயிர் போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். பித்தளைச் செம்பு அசையாது. வெள்ளிக் கொலுசு அசையாது. அத்தையின் தங்கத் தோடும் அசையவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், தங்கம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஊசியைக் காந்தத்தில் ஒட்டவிட்டால், அந்த ஊசியின் நுனியில் இன்னொரு ஊசி ஒட்டியது. தொட்ட ஊசியும் காந்தமாகிவிடுகிறது என்று அத்தை கண்டுபிடித்தாள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பாடம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பதினெட்டு வயது. அம்மா அப்பா இல்லாமல் அண்ணன் கையில் வளர்ந்தவள். அப்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அப்பாவின் தாய்மாமன் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அவருடைய மகனுக்கு மனைவி இறந்துவிட்டாள். அத்தையை அவனுக்குக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தாய்மாமன் வீட்டு உரிமை, கேட்டால் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளைக்கு அப்பாவை விட ஒரு வயது கூடுதல். அவருடைய மூத்த பையன் அத்தையின் தோள் உயரம் இருந்தான். அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தண்ணீர் கொண்டுபோன அத்தையை, சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்ததை நானே பார்த்தேன்.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மனிடம் பூக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். குழந்தையை ஏன் விடுகிறார்கள் என்றால், கள்ளம் கபடு தெரியாத கை என்பதற்காக. எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது.

அத்தை அன்று சாப்பிடவில்லை. அண்ணன் தன்னை ஒரு பூவுக்குப் பந்தயம் வைத்துவிட்டான் என்று அவளுக்குக் கோபம். வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு ஆம்பிளைக்குத் துணிச்சல் இல்லையா என்று அம்மாவிடம் அழுதாள். அன்றிலிருந்து அத்தை அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பா வழக்கமாகவே பேசாதவர் என்பதால் ஊருக்கு அது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் என்னைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். காந்தம் இலைக்குள்ளே இருக்கும் ஊசியையும் இழுக்குமா என்று பார்க்க வேண்டும் என்றாள். வாழையிலைத் துணுக்கில் ஊசியைச் சுற்றி நாரால் கட்டினோம். இழுத்தது. துணிக்குள் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். அப்போதும் இழுத்தது. அப்புறம்தான் அவள் திட்டத்தைச் சொன்னாள்.

கோயிலுக்குப் பூக் கொண்டுபோவது எங்கள் வீட்டார்தான். சிவப்புக்கு அரளி, வெள்ளைக்கு நந்தியாவட்டை. அரளிப் பூ ஒவ்வொன்றின் குழலுக்குள்ளும் உடைத்த ஊசித் துண்டு ஒன்று. நந்தியாவட்டையில் ஒன்றும் கிடையாது. என் கையில் அடிபட்டதாகச் சொல்லி மஞ்சள் துணியால் கட்டு, கட்டுக்குள் காந்தம். எந்தப் பொட்டலம் கையோடு ஒட்டுகிறதோ அது சிவப்பு.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மிணி. சொன்னீன்னா என்னைய வேலூருக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனை. ஒரு பக்கம் அம்மன், மறு பக்கம் அத்தை. அத்தைதான் எனக்குத் தலை வாரிவிடுபவள், அவள் பக்கமே நின்றேன். வீட்டில் ஊசிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அம்மா எலிகளைத் திட்டினாள். எலி ஊசியை என்ன செய்யும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பூக் கேட்பதற்கு முதல் நாள் அப்பா ஒரு சீப்புப் பழத்தோடு பூசாரி வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அங்கே ஆடு குட்டி போட்டிருந்தது. போய்ப் பார் என்று என்னை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் கிணற்றடியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவ்வளவு நேரம் ஒரு மனிதரோடு பேசி நான் பார்த்ததே இல்லை. என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டும் என்று தோன்றியதா என்றால், இல்லை. ஆட்டுக்குட்டிக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கூடினோம். அப்பாவின் தாய்மாமனான வேலூர்க்காரர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மனைவியை இழந்த மகனும் உடன் வந்திருந்தார். அத்தை அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். பூத்தட்டைப் பூசாரி உள்ளே எடுத்துப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொட்டலம் கட்டினார். ஓரத்தில் நின்ற எனக்குத் தெரிய, முதல் பொட்டலம் கட்டும்போது விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டார். ஊசி குத்தியிருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த பொட்டலத்தைக் கட்டினார். அதைக் கட்டும்போதும் விரலைச் சப்பிக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். முதலில் சூலத்தைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். அம்மன் முன்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சூலம் நட்டிருக்கும். அத்தையும் நானும் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம், சூலத்தை மட்டும் மறந்துவிட்டோம். வலது கையால் தொடப் போனேன். டக்கென்று கை ஒட்டிக்கொண்டது.

அம்மன் கையைப் பிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். காந்தமாவது இரும்பாவது, எல்லாப் பாடமும் மறந்துபோயிற்று. இழுத்தேன். வரவில்லை. மறுபடி பலமாக இழுத்தேன். கை வந்துவிட்டது, ஆனால் கட்டுக்குள் இருந்த காந்தம் உள்ளங்கையிலிருந்து நழுவி மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பூசாரி என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பயப்படாத சாமி. ஒண்ணும் ஆவாது. போய் எடு" என்றார்.

தட்டில் இரண்டு பொட்டலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் பொட்டலத்தின் மேல் மணிக்கட்டை வைத்தேன். லேசாக ஓர் இழுப்பு. இதுதான் சிவப்பு என்று மனசு குளிர்ந்தது. ஆனாலும் ஒத்திகையில் அத்தை இரண்டையும் பார்த்துவிட்டு எடு என்று சொல்லியிருந்தாளே என்று இரண்டாவதன் மேலும் வைத்தேன்.

அதுவும் இழுத்தது.

முதலாவதை மறுபடி தொட்டேன். இழுத்தது. இரண்டாவதையும் தொட்டேன். இழுத்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, இரண்டும் ஒரே மாதிரி இழுத்தால் நான் என்ன செய்வது? அப்போதுதான் எனக்கு விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்தேன். தொட்ட ஊசியும் காந்தமாவது போல, சிவப்புப் பொட்டலத்தை ஒட்டியே கிடந்த வெள்ளைப் பொட்டலத்துக்கும் அந்தக் குணம் தொற்றிவிட்டது. தட்டில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்திருக்க வேண்டும். இதைப் பூசாரியிடம் யார் போய்ச் சொல்வது? பின்னால் வேலூர்க்காரர் தொண்டையைச் செருமினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாரியாத்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். சிவப்பு.

அவர் அதை எல்லோருக்கும் காட்டினார். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்திலிருந்த கேணிக்குள் போட்டார். வேண்டாத பூவைப் பார்க்கக் கூடாதாம். வேலூர்க்காரர் கொஞ்ச நேரம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மன் சொன்ன பிறகு நாம் என்ன செய்ய முடியும் மாப்பிள்ளை என்று அப்பாவின் தோளில் தட்டிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒரு மனவருத்தமும் இல்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து எப்போதும் போல ஒரு கட்டு வெற்றிலை வந்தது.

அத்தை அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கெட்டிக்காரி என்றாள். இரண்டும் இழுத்தது, குருட்டாம்போக்கில்தான் எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. பாராட்டை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? மேலும், கொஞ்சம் பிசகியிருந்தால் அவள் வாழ்க்கையே போயிருக்கும் என்று தெரிந்தால் என்னை அடித்தே விடுவாள் என்று பயம்.

இரண்டு வருஷம் கழித்து அத்தைக்குப் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணம் செய்தார்கள். அவளே கதவிடுக்கு வழியாகப் பார்த்துத் தலையாட்டிய பையன். அந்தக் கல்யாணத்துக்கு அப்பா பூக் கேட்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அத்தை நன்றாகவே வாழ்ந்தாள். ஆனால் அண்ணன் மேல் இருந்த வருத்தம் முழுசாகப் போகவில்லை. நோம்பி, பண்டிகைக்கு வருவாள், சாப்பிடுவாள், அம்மாவோடு சிரித்துப் பேசுவாள். அப்பாவிடம் "வாரேனுங்கண்ணா" என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அவ்வளவுதான். அப்பாவும் தலையை ஆட்டுவார்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தபோது அத்தைக்குத் தலை நரைத்திருந்தது. எனக்கும் பிள்ளைகள் பெரிதாகியிருந்தன. சமையல்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழத் தொடங்கினாள். இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"என்ற அண்ணனுக்குத் துரோகம் பண்ணிப்போட்டேன் அம்மிணி. அம்மனை நம்பிப் பூக் கேட்டாரு. நான் அதுல ஊசி வெச்சு ஏமாத்திப்போட்டேன்."

அவளைத் தேற்றுவதற்காகத்தான், விளையாட்டுப் போல, அந்த ஊசியால் எனக்கு உபயோகமே இருக்கவில்லை என்று சொன்னேன். இரண்டு பொட்டலமும் இழுத்தது, கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. காந்தம் நந்தியாவட்டைப் பூவை இழுக்காது. எந்த ஊசியாலும் ஒரு பூவைக் காந்தமாக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இதை எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அந்தத் தட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு பொட்டலமும் இழுத்ததென்றால் இரண்டிலும் ஊசி இருந்தது. இரண்டிலும் ஊசி இருந்ததென்றால் இரண்டிலும் அரளி. பூசாரி விரலைச் சப்பிக்கொண்டதும் இரண்டு தடவை. கிணற்றடியில் அவ்வளவு நேரம் அப்பா பேசியது இதைத்தான்.

தாய்மாமனிடம் நேராக இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு வீடும் ஜென்மத்துக்கும் முறிந்திருக்கும். அம்மன் சொன்னால் யார் வாயும் திறக்காது. அதற்காகவே பூக் கேட்கப் போயிருக்கிறார்.

அத்தை கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்காவ அம்மங்கிட்டயே பொய் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு, "நான் மூஞ்சி குடுத்துக்கூடப் பேசுலியே" என்றாள்.

இரண்டாவது பொட்டலம் இழுத்ததை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அத்தை என்னை அடித்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அது உடனே விளங்கியிருக்கும். ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஓர் அண்ணனையும் தங்கையையும் அத்தனை வருஷம் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று கோயிலிலிருந்து திரும்பி வந்த நேரம் மட்டும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வேலூர்க்காரர்கள் முன்னால் வண்டியில் போய்விட்டார்கள். பெண்கள் பின்னால் வந்தார்கள். அப்பா என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். அவர் இடுப்பில் நெல் பத்தாயத்துச் சாவிக்கொத்து தொங்கும். கையை வீசி நடந்தபோது பெரிய இரும்புச் சாவி வந்து என் மஞ்சள் கட்டில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அப்பா நின்றார். சாவியைப் பார்த்தார். குனிந்து கட்டின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். திரும்பி, தூரத்தில் அம்மாவோடு வந்துகொண்டிருந்த அத்தையை ஒரு தரம் பார்த்தார். அவர் சாவியைப் பிரித்தெடுத்து இடுப்பின் மறு பக்கத்தில் செருகிக்கொண்டு, மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவைப் போலவா அப்பா, பாவம், அவருக்குக் காந்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.